பார்வைக் குறையை மூளை ஸ்கேனில் அளக்கலாமா?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இடப்பக்கம் தெரிவதில்லை. பார்வைப் பரப்பை அளக்கும் பெரிமெட்ரி பரிசோதனையில், ஒளிப்புள்ளி தெரியும்போது பொத்தானை அழுத்த மறந்துவிடுகிறார். அதனால் முடிவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஸ்கேன் எடுத்தே அளக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வழக்கமான எம்.ஆர்.ஐ. போதாது, அது மூளையில் சேதம் எங்கே என்பதோடு நின்றுவிடும். உங்களுக்குத் தேவை, மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதை ரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.

நாம் பார்க்கும் காட்சி முழுவதும் பின்மண்டைப் பகுதியில் வரைபடம் போலப் பதிகிறது. இடப்பக்கம் தெரிவது வலப்பக்க மூளையில், மேலே தெரிவது கீழ்ப்பகுதியில். ஸ்கேனருக்குள் அப்பா திரையின் நடுப்புள்ளியையே பார்த்திருக்க, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மினுக்கும் பட்டை ஒன்று திரையின் குறுக்கே மெல்ல நகரும். பட்டை எந்த இடத்தைக் கடக்கிறதோ, அந்த இடத்துக்குரிய மூளைத் துணுக்கில் (ஏறத்தாழ 2 மி.மீ.) ரத்த ஓட்டம் கூடும். அது உச்சம் தொட 5, 6 வினாடி ஆகும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்து, எந்தத் துணுக்கு எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கணிக்கிறார்கள். டூமூலின், வாண்டெல் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

தெரிந்தது, தெரியவில்லை என்று அப்பா சொல்லவே வேண்டாம். ஆனால் பார்வை மட்டும் நகரக் கூடாது. கண் 3 டிகிரி விலகினால் வரைபடமும் அத்தனை டிகிரி தள்ளிப்போகும். ஆகவே ஸ்கேனருக்குள் கண்ணசைவைப் பதியும் கேமரா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

கேமரா இருந்தாலும் குறையின் விளிம்பில் தவறு வரும். விளிம்பை ஒட்டிய துணுக்குகளுக்குப் பட்டையின் ஒரு பாதிதான் எட்டும். கணக்கீடு அவற்றின் இடத்தைச் சற்று வெளியே தள்ளிக் காட்டும். நல்ல பார்வை உள்ளவருக்குத் திரையின் ஒரு பகுதியை மறைத்தாலும் இதே பிழை வரும். எனவே அப்படி மறைத்து எடுத்த பதிவோடு ஒப்பிட்டுத்தான் எல்லையை வரைய வேண்டும். இன்னொரு சிக்கல், பக்கவாதம் வந்த பகுதியில் ரத்தக் குழாய்களே மந்தமாக இயங்கலாம். அதனால் ஸ்கேனில் ரத்த ஓட்ட மாற்றம் தெரியவில்லை என்பதாலேயே அங்கே பார்வை செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பரப்பும் குறைவு: திரை பெரும்பாலும் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 10 டிகிரி வரையே காட்டும், பெரிமெட்ரியில் வழக்கமான 24-2 என்ற வகை 24 டிகிரி வரை போகும்.

இதற்கெல்லாம் முன்னால், அப்பாவுக்கு இருப்பது பார்வை இழப்பா, இடப்பக்கத்தின் மீது கவனமே போகாத நிலையா என்று பாருங்கள். வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெள்ளைத் தாளில் 20 செ.மீ. கோடு போட்டு, நடுவில் குறியிடச் சொல்லுங்கள். கவனக் குறை இருந்தால் குறி நன்றாக வலப்பக்கம் ஒதுங்கும். பார்வை இழப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சற்றே இடப்பக்கம் போகும். அந்தத் தாளை நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.