நூல் எண்ணிக்கையைப் பார்த்துப் படுக்கை விரிப்பு வாங்கலாமா?

கேள்வி: மகளின் புதுக் குடித்தனத்துக்குப் படுக்கை விரிப்பு வாங்க மத்திய வீதியில் உள்ள புடவைக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் '1000 நூல் எண்ணிக்கை, எகிப்தியப் பருத்தி' என்று அச்சிட்ட விரிப்பு, இன்னொரு கடையில் '250' என்று குறித்திருந்த விரிப்பை விட மலிவாகக் கிடைக்கிறது. எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்கிறார் கடைக்காரத் தம்பி. எதை வாங்குவது? – வாசகி, உவர்மலை

பதில்: அம்மா, 250 என்று குறித்ததையே எடுங்கள், ஆனால் அதையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுங்கள்.

நூல் எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடு நூல்களையும் கூட்டி வரும் எண். மெல்லிய நூலால் நெருக்கமாக நெய்தாலும் அந்த ஓர் அங்குலத்துக்குள் 400, 500 நூலுக்கு மேல் புகுத்துவது கடினம். பிறகு 1000 எங்கிருந்து வருகிறது? இரண்டு அல்லது நான்கு இழைகளை முறுக்கி ஒரே நூலாக்கி நெய்துவிட்டு, நூலை எண்ணாமல் இழைகளை எண்ணி உறையில் அச்சிடுகிறார்கள். நாலு புரிக் கயிறு ஒன்றைக் காட்டி நாலு கயிறு என்று சொல்லி விற்பதைப் போன்றது இது. இப்படி முறுக்கிய நூலில் நெய்த துணி பாரமாக இருக்கும், காற்று எளிதில் புகாது, தோய்த்தால் காயவும் நேரமெடுக்கும். ஒற்றை நூலில் நெய்த 200 முதல் 300 வரையான விரிப்பே நம் ஊருக்குப் போதும். அதற்கு மேலான எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு விரிப்பு வாங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எகிப்தியப் பருத்தியின் பெருமை பொய்யன்று. நீண்ட இழைப் பருத்தியில் நூல் மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும். ஆனால் உறையில் பெயர் இருப்பதால் உள்ளே அந்தப் பருத்தி இருக்கிறது என்று ஆகிவிடாது. 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், எகிப்தியப் பருத்தி என்று தான் விற்ற ஏறத்தாழ 750,000 விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் அதற்குப் பதிலாக வேறு பருத்தி பயன்படுத்தப்பட்டிருப்பதைக் கண்டறிந்து, அவற்றை வழங்கிய உற்பத்தியாளருடனான தொடர்பையே முறித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், மலிவு விலையில் அந்தப் பெயரைக் காணும்போது நாம் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

எண்ணை விட நெசவையே முதலில் பாருங்கள். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறி ஓடும் சாதாரண நெசவைப் பெர்கேல் என்கிறார்கள். அது மொறுமொறுப்பாக இருக்கும், உடலில் ஒட்டாது, காற்றை விடும். நாலு நூலுக்கு மேலாகப் போய் ஒரு நூலுக்குக் கீழே இறங்கும் சற்றீன் நெசவு வழுவழுப்பாக மின்னும், கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதோடு, மேலே நீண்டு கிடக்கும் நூல்கள் எளிதில் சிக்கி இழுபடவும் செய்யும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும் இரவுகளைக் கழித்தவர்களுக்கு எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கடையில் செய்ய வேண்டியவை. விரிப்பை உறையிலிருந்து எடுத்து ஒரு மடிப்பையாவது பிரித்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். நூல்கள் சீராக இருக்கின்றனவா, தடித்த நூலும் மெலிந்த நூலும் மாறி மாறிக் கோடு விழுகின்றனவா என்பது அப்போது தெரியும். பிறகு துணியின் ஒரு மூலையை இரு கை விரல்களாலும் நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சியை ஏற்றித் தடிப்புக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு தோய்ப்பில் அது போய், துணி சல்லடையாகிவிடும். கைக்குட்டையை நனைத்து அடர்ந்த நிறத்தின் மேல் தேய்த்தால் சாயம் விடுமா என்று அறியலாம். பின்பக்கம் மட்டும் மிகவும் வெளிறியிருந்து, பூ அச்சுள்ள இடம் தொட்டால் விறைப்பாக இருந்தால், சாயம் நூலுக்குள் இறங்காமல் மேலே பூசப்பட்டிருக்கிறது. நான்கு மூலைகளையும் சேர்த்து மடித்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம். மூலைகள் பொருந்தாத விரிப்பு நூலோட்டத்துக்குக் குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். அது தோய்த்த பின் கோணிக்கொண்டு போகும்.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். 72க்கு 60 அங்குல மெத்தை 6 அங்குலத் தடிப்பு என்றால், இரு பக்கத் தடிப்புக்கு 12 அங்குலமும் அடியில் செருக 12 அங்குலமும் சேர்த்து 96க்கு 84 வேண்டும். பருத்தி முதல் தோய்ப்பிலேயே நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கக்கூடும் என்பதால் 100க்கு 90 அங்குல விரிப்பு மட்டுமட்டாகப் போதும். மெத்தை 8 அங்குலத் தடிப்பானால் அந்த அளவு காணாது.

விலையை ஒப்பிடும்போது ஒரு விரிப்பின் விலையைப் பார்க்காமல் ஒரு சதுர மீற்றரின் விலையைப் பாருங்கள். 100க்கு 90 அங்குலம் சுமார் 5.8 சதுர மீற்றர், 90க்கு 60 அங்குலம் சுமார் 3.5. மலிவு என்று நினைத்தது பல வேளை அளவில் சிறியதாக இருக்கும். அகலத் துணியை மீற்றர் கணக்கில் வாங்கித் தையற்காரரிடம் ஓரம் அடிப்பித்தால் இன்னும் குறையக்கூடும். பற்றுச்சீட்டில் '100% பருத்தி' என்று எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: 'கொட்டன்' என்று சொல்லித் தந்த விரிப்பு சில மாதங்களில் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு உடம்பை உறுத்துகிறது. இது பருத்திதானா? – வாசகர், கிண்ணியா

பதில்: பெரும்பாலும் பொலியெஸ்டர் கலந்ததாக இருக்கும். பருத்தியிலும் உருண்டை திரளும், ஆனால் இழை வலுவற்றதால் நாளடைவில் உதிர்ந்துவிடும். பொலியெஸ்டர் இழை அறுபடாமல் உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சாவணத்தால் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான கருமணியாக நிற்கும். 'மைக்ரோபைபர்' என்று விற்பதும் பெரும்பாலும் பொலியெஸ்டரே. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 அளவு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட ஏற்காது. வியர்வை உடம்பிலேயே நிற்பது அதனால்தான்.

கேள்வி: நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு நான்கு அறைகள் வாடகைக்கு விடுகிறோம். கைத்தறி விரிப்பு நல்லதா, வெள்ளை விரிப்பு நல்லதா? வெள்ளையில் செம்மஞ்சள் கறை விழுகிறது, குளோரின் போட்டும் போகவில்லை. – வாசகி, நிலாவெளி

பதில்: அறைகளுக்கு ஒரே அளவு, ஒரே வெள்ளை, சாதாரண நெசவு, நூல் எண்ணிக்கை 200 முதல் 250. எல்லாம் ஒன்றாகத் தோய்க்கலாம், ஒன்று கிழிந்தால் இன்னொன்றைப் போடலாம். கட்டிலில் ஒன்று, தோய்ப்பில் ஒன்று, அலுமாரியில் ஒன்று என மூன்று வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழை காலத்தில் இரண்டு போதாது. மருதமுனைக் கைத்தறியின் நிறமும் உழைப்பும் எனக்கு மிகவும் பிடித்தவை, அதைக் கட்டிலின் மேல் போர்வையாக விரித்தால் அறைக்கே ஒரு களை வரும். ஆனால் நாளாந்தம் சூடான நீரில் தோய்க்கும் விரிப்பாக்கினால் சாயம் வெளிறிவிடும்.

அந்தக் கறைக்குக் காரணம் பயணிகள் பூசும் வெயில் தடுப்புக் களிம்பாக இருக்கலாம். அதிலுள்ள அவோபென்சோன் என்ற பொருள், கிணற்று நீரில் இரும்பு கலந்திருந்தால் அதனோடு சேர்ந்து துருநிறமாகும். குளோரின் அதை இன்னும் ஆழமாக்கும், நூலையும் அரிக்கும். ஆகவே உடனே நிறுத்துங்கள். முதலில் சவர்க்காரத் தூளால் களிம்பின் எண்ணெயைப் போக்கி நன்றாக அலசிய பிறகு, தேசிக்காய்ச் சாற்றைக் கறையில் ஊற்றி வெயிலில் வைத்து மீண்டும் அலசுங்கள். பழைய கறையானால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும்.