மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் சட்டம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

"கடலை நாலு தடவைகூடப் பார்க்காத பிள்ளை, கடல் சட்டம் படிக்கணும்னு நிக்குது" என்று ஹட்டனில் சந்தித்தபோது சொன்னீர்கள். அன்றைக்கு வரிசை நீளம், ஆறுதலாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தப் படிப்புக்குக் கப்பலேற வேண்டியதில்லை. வேலை பெரும்பாலும் கோப்பிலும் நீதிமன்றத்திலும்தான். உங்கள் தோட்டத்துத் தேயிலை கொழும்பில் கப்பலேறியதுமே கப்பல் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. வழியில் நனைந்து கெட்டால் யார் பொறுப்பு, காப்புறுதிப் பணம் யாருக்கு என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்ததும், பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை. வெளிநாட்டுக் கம்பனியிடமிருந்து அந்தப் பணத்தைக் கைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. மகள் படிக்க ஆசைப்படுவது அதைத்தான்.

மீன்பிடியிலும் அப்படியே. ஆழ்கடலில் நமது படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. உரிமம், படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி என விதிகளை இறுக்கிய பிறகே 2016இல் தடை நீங்கியது. 2017இல் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை சட்டப்படி தடையானது. ஆனாலும் வடகடலில் தமிழக இழுவைப் படகுகளின் பிரச்சினை தீரவில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லை போட்டதும் அதே கடலில்தான். நம் மூத்தோர் வந்த கடல், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிய கடல். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள் அல்லவா?

எல்லை தாண்டிப் பிடிபட்டு, யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் தமிழக மீனவர் பேசுவது தமிழ். பிடித்த கடற்படையினர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். சர்வதேச உடன்படிக்கைகள் இருப்பதோ ஆங்கிலத்தில். மலைநாட்டுப் பிள்ளைக்கு முதல் இரண்டும் வீட்டிலும் கடைத்தெருவிலும் கிடைத்துவிடுகின்றன. மூன்றாவதுதான் மகளுக்குத் தடை. அதை மறைக்க விரும்பவில்லை. இன்றைக்கே ஆரம்பித்தால் மூன்று, நான்கு வருடத்தில் தாண்டலாம், ஆனால் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும்.

அப்புறம் பாதை. 'கடல்சார்' என்று பெயர் போட்ட டிப்ளோமாக்களுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதலில் சாதாரண சட்டப் பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் இருக்கிறது. உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதைவிட, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிதான் முக்கியம், ஆகவே கலைப் பிரிவில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். சட்டத்தரணியாகச் சத்தியம் செய்ய சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் இருக்கின்றன. கடல் சட்டத்தில் சிறப்புத் தேர்ச்சி அதற்குப் பிறகு. மால்டாவில் சர்வதேச கடல்சார் அமைப்பின் சட்ட நிறுவனம் இருக்கிறது, சுவீடனின் மால்மோவில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மட்டக்குளியில் உள்ள சமுத்திரப் பல்கலைக்கழகமும் றுகுணுவின் கடற்றொழில் பீடமும் நல்ல இடங்கள்தான், ஆனால் அங்கே படிப்பது தொழில்நுட்பமும் விஞ்ஞானமும். மகள் கேட்பது அதுவல்ல.

செலவு என்றால், அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தங்குமிடமும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும், அதற்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மீன் பிடிப்பவர்களிடம் எந்த வலைக்கு அனுமதி, உரிமம் யார் கொடுக்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. கேட்டதைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அடுத்த சந்திப்பில் அதை வைத்தே பேசுவோம்.