கோவை முதலாளி, ஜெர்மனி ஆலை: யார் வழிக்கு யார் வருவது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். எங்கள் முதலாளி தெற்கு ஜெர்மனியில் 140 பேர் வேலை பார்க்கும் ஆலை ஒன்றை வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புகிறார். போவதற்குள்ளேயே உரசல். வீடியோ மீட்டிங்கில் முதலாளி சொன்ன திட்டத்தை அங்குள்ள இன்ஜினீயர் ஒருவர் ‘இது நடக்காது’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் அங்கே யாரும் போன் எடுப்பதில்லை. இங்கே இருப்பதுபோல முகம் பார்த்து வருகை பதியும் கருவியும் கேமராவும் உடனே மாட்டச் சொல்கிறார் முதலாளி. நம் முறையை அங்கே கொண்டுபோவதா, அவர்கள் போக்கில் விட்டுவிடுவதா?

பதில்: மூன்றையும் ‘ஜெர்மன்காரர்கள் சுபாவம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் ஒன்று சட்டம், ஒன்று அந்த ஆலையின் ஏற்பாடு, ஒன்றுதான் அந்த நாட்டுப் பழக்கம். கையாளும் விதமும் அதற்கேற்ப மாறும்.

கேமராவும் வருகைக் கருவியும் சட்ட விஷயம். ஜெர்மனியில் ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே, அவர்கள் விரும்பினால் ‘பெட்ரீப்ஸ்ராட்’ என்ற ஊழியர் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 140 பேர் ஆலையில் அது இருக்க வாய்ப்புண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். இதைத் தொழிற்சங்கம் என்று நினைத்து முதலாளி முகம் சுளிக்கக்கூடும். சங்கம் வேறு, இது வேறு. ஊழியர்களைக் கண்காணிக்க உதவும் எந்தக் கருவியானாலும், சாஃப்ட்வேர் உள்பட, குழுவின் ஒப்புதல் இல்லாமல் வைக்க முடியாது. வேலை தொடங்கும், முடியும் நேரத்தை மாற்றுவது, ஓவர்டைம் போடுவது எல்லாம் அதே கணக்கு. ஒருவரை வேலையை விட்டு நீக்கும் முன் குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும்; கேட்காமல் கொடுத்த நோட்டீஸ் செல்லாது. முகம் பதிவது தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சிக்கும். கருவியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். போன முதல் வாரத்திலேயே குழுத் தலைவரைச் சந்தித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை விவகாரம் அநேகமாக ஆலைக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். திங்கள் முதல் வியாழன் வரை கூடுதல் நேரம் உழைத்துவிட்டு வெள்ளி மதியம் கிளம்புவது அங்கே பல ஆலைகளில் உண்டு. ஒப்பந்தம் என்றால் பேசி மாற்றலாம். ஒருவர் மட்டும் மாலைவரை இருக்கும்படி முறை வைக்கக் கேட்கலாம். அதற்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். கோவையில் சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, கோடையில் இரண்டரை. நீங்கள் நண்பகலில் கூப்பிட்டால் அவர்களுக்குக் காலை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்ஜினீயர் சொன்னதுதான் நாட்டுப் பழக்கம். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து கேர்ட் ஹோஃப்ஸ்டெட என்ற டச்சு ஆய்வாளர் நாடுகளை ஒப்பிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவுகோலில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. இது நாட்டுச் சராசரி. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை இந்த எண்ணால் எடைபோடக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் உங்கள் மீட்டிங்கில் நடந்ததை இது விளக்குகிறது. முடிவெடுக்கும் முன் குறை சொல்வது அங்கே இன்ஜினீயரின் கடமை. நம் ஊரில் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, பிறகு தனியறையில் போய் ‘சார், இதுல ஒரு சிக்கல் இருக்கு’ என்போம். முதலாளி மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்பினால், எதிர்ப்பும் எழுத்திலேயே வந்துவிடும், அதுவும் காரணத்தோடு.

எனக்கு உண்மையில் கவலை இதன் மறுபக்கம்தான். கோவையிலிருந்து ‘பதினைந்தாம் தேதி அனுப்பிடலாம்’ என்று மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் அட்டவணையில் ஏற்றி, தங்கள் வாடிக்கையாளரிடமும் உறுதி கொடுத்துவிடுவார்கள். இரண்டு முறை தவறினால் அப்புறம் உங்கள் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

இனி உங்கள் பெரிய கேள்வி. நிறுவனங்களைத் தனியாக ஆராய்ந்தபோது ஹோஃப்ஸ்டெட குழு கண்டது இது: நாடுகள் வேறுபடுவது சிறுவயதில் ஊறிய மதிப்பீடுகளில்; நிறுவனங்கள் வேறுபடுவது அன்றாட நடைமுறையில். நடைமுறை மாறக்கூடியது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய கார் ஆலை, ஒழுங்கீனத்துக்குப் பேர்போனது. டொயோட்டாவுடன் கூட்டாக 1984-ல் திறந்தபோது வந்தவர்களில் பெரும்பாலோர் அதே தொழிலாளர்கள், சங்கமும் அதே. தரம் தலைகீழாக மாறியது. டொயோட்டா அவர்களை ஜப்பானியர்களாக்கப் பார்க்கவில்லை. கோளாறைக் கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் அதிகாரத்தைத் தொழிலாளி கையில் கொடுத்தது. ஜப்பானுக்கு அழைத்துப் போய் வேலையைப் பக்கத்தில் நின்று பழக்கியது.

அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 1997-ல் ஜெர்மனிக்குள் போனபோது வேறு வழியில் போனது. வாசலில் வரவேற்பாளர், கட்டாயப் புன்னகை, காலையில் கம்பெனி கோஷம். ஊழியர்களின் காதல் உறவைக்கூடக் கட்டுப்படுத்திய நடத்தை விதியை 2005-ல் வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2006-ல் கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் விற்றுவிட்டு வால்மார்ட் கிளம்பியது. புன்னகையால் தோற்றார்கள் என்று மேடைதோறும் சொல்வது கொஞ்சம் மிகை. ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகளின் விலைக்கு முன்னால் அவர்களால் நிற்க முடியவில்லை என்பதே பெரிய காரணம். ஆனால் விலைப் போட்டியில் திணறும் நேரத்தில் சொந்த ஊழியர்களோடும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கோவையிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை வேலை சார்ந்தவை: வார்ப்பில் கழிவைக் குறைக்கும் உங்கள் முறை, செலவுக் கணக்கு, அவசர ஆர்டரை ஒரே நாளில் திருப்பும் வேகம். அதிலும் ஒன்றை மட்டும் முதலில் எடுத்து, ஒரு லைனில் செய்து காட்டுங்கள். அந்த லைன் ஃபோர்மேன் இரண்டு பேரைக் கோவைக்கு அழைத்து வந்து ஒரு மாதம் இங்கே வேலை செய்ய வையுங்கள். தினமும் மூன்று வேளை வாட்ஸ்அப் ரிப்போர்ட், இரவு பத்து மணி போன், ஆயுதபூஜைக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். பூஜைக்கு அழையுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள், சுண்டலுக்காகவாவது வருவார்கள்.

ஊழியர் குழு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலை ஊழியர் கூட்டம் நடக்கும். ஆலையின் நிலவரத்தை வருடத்தில் ஒரு முறையாவது நிர்வாகம் அதில் சொல்லியாக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் முதலாளியையே நேரில் வரச் சொல்லுங்கள். ‘ஆலையைக் கோவைக்கு மாற்றுவீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கான பதிலை இங்கிருந்து கிளம்பும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.