அவனை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகனுக்கு 9 வயதாகிறது. குறைமாதத்தில் பிறந்தவன், மூளை முடக்குவாதமும் வலிப்பும் உண்டு. விழுங்க முடியாததால், வயிற்றில் பொருத்திய டியூப் வழியாகத்தான் உணவும் மருந்தும் செல்கின்றன. சளி சேர்ந்தால் சக்ஷன் மெஷின் வைத்து எடுக்க வேண்டும். அவனுக்குப் பேச்சு வராது. ஆனால் என் குரல் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

கோடை விடுமுறையில் என் கணவர் வீட்டார் அனைவரும் ஊட்டிக்குச் செல்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது என் நாத்தனார், "மூணு நாள்தானே அண்ணி, ஏதாவது காப்பகத்துல விட்டுட்டு வாங்க" என்றார். என் மாமியார், "அவனுக்கு ஊட்டியும் ஒண்ணுதான், பெரம்பூரும் ஒண்ணுதான்" என்றார். பெற்ற பேரனைப் பற்றி இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்கும்போதுகூட அவன் பெயரை மறந்துவிடுபவர்கள்தான் அவர்கள். இருந்தாலும் காப்பகம் என்ற வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

என் கணவர் அங்கே வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "நான் இவனோட இருக்கேன், நீயும் பொண்ணும் போயிட்டு வாங்க" என்றார். ஆக, அவன் இந்தக் குடும்பத்தில் சேர்த்தியில்லை என்றுதானே அவரும் நினைக்கிறார்? மருந்தை அளந்து சிரிஞ்சில் ஏற்றுவதும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூப்பை அலசுவதும், உணவு கொடுத்த பிறகு அரை மணி நேரமாவது தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து வைப்பதும் அவருக்கு என்ன தெரியும்? நான் யாரையும் தொடவிட்டதில்லை; ஒரு தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

மகளுக்கு 14 வயது, எதற்கும் அடம்பிடிக்காதவள். அன்று இரவு நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்று, "அம்மா, உனக்கு அப்புறம் தம்பியை நான்தானே பார்த்துக்கணும், டியூப்ல ஊத்த எனக்கும் கத்துக்கொடு" என்றாள். நேரமாகிவிட்டது, போய்ப் படு என்று அனுப்பிவிட்டேன். அது இருக்கட்டும். காப்பகத்தில் விடச் சொன்னவர்களோடு நான் எந்த முகத்தோடு பயணம் செய்வது? யார் என்ன சொன்னாலும் அவனையும் தூக்கிக்கொண்டு போவதா, அல்லது எவருமே போக வேண்டாம் என்று இருந்துவிடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரும் நாத்தனாரும் பேசியது தவறு. உங்கள் வேதனை நியாயமானது. ஆனால், "அது இருக்கட்டும்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்த உங்கள் மகளின் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் ஊட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. தாய்க்குப் பிறகு யார் என்று யோசித்து, தான்தான் என்ற முடிவுக்குத் தானாகவே வந்திருக்கிறாள். அவளுடைய கணக்கில் அப்பாவின் பெயர் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் தம்பியைத் தொடும் கைகள் அம்மாவுடையவை மட்டுமே என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அம்மாவுக்கு அடுத்து அப்பா என்று தோன்றவில்லை. 14 வயதில் தன் வருங்காலத்தையே ஒருத்தி இப்படி மௌனமாக ஒப்புக்கொடுப்பதை, அடம்பிடிக்காத நல்ல குணம் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே நான் உங்கள் கணவர் பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது. அத்தனை பேர் நடுவில் அவர் வாய் திறக்காதது தவறுதான். ஆனால் காப்பகத்தில் விடு என்று சொன்னவர்களையும், நான் இருக்கிறேன் என்று சொன்னவரையும் நீங்கள் ஒன்றாகவே சேர்த்துவிட்டீர்கள். மகனோடு தனியாக இருக்க முன்வரும் தந்தை அவனைக் குடும்பத்திலிருந்து விலக்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். யாரையும் தொடவிட்டதில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் இது பிறவியிலேயே தெரிந்ததல்ல. யாரோ ஒரு செவிலியர் பக்கத்தில் நின்று, நடுங்கிய உங்கள் கைக்குப் பழக்கிக் கொடுத்திருப்பார். அந்த வாய்ப்பு அவருக்கும் கிடைக்கட்டும். அவர் பழகும்போது நீங்கள் அறையில் இருங்கள். சிரிஞ்சை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மகளுக்கு இப்போதைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அப்பா கற்றுக்கொள்வதை அவள் பார்ப்பதுதான் இப்போது அவளுக்குத் தேவை.

அவளுடைய கேள்விக்கு நேரான பதிலையும் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். தம்பிக்கு அக்காவாக இருந்தால் போதும், அவனுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்வது எங்கள் வேலை என்று சொல்லுங்கள். இது வெறும் ஆறுதலாக நின்றுவிடக் கூடாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு மாவட்ட அளவிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். அந்தப் பாதுகாவலர் உடன்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு இருவருமாக ஒருமுறை சென்று, இதைப் பற்றியும் விசாரியுங்கள்.

இனி ஊட்டி. அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால், சரியாக விழுங்க முடியாத குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே அவன் வரலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவனுடைய மருத்துவர். உங்கள் மாமியாரும் அல்லர், அவர்மீதுள்ள கோபத்தில் நீங்களும் அல்லர். மருத்துவர் வேண்டாம் என்றால் அதை உங்கள் மகனுக்கு நேர்ந்த அவமானமாக எண்ணாதீர்கள்.

அப்படியானால், கணவர் பழகித் தேறிய பிறகு, மகளை அழைத்துக்கொண்டு நீங்கள் போய்வாருங்கள். பேச்சின் நடுவே எழுந்து ஓடாத அம்மா அவளுக்குச் சில நாட்களாவது வேண்டும். நால்வருமாகச் செல்வதற்கு மாமல்லபுரம் இருக்கிறது; சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள்தான். அதற்கும் முன்பு ஒரு மாலை மெரினாவுக்குப் போகலாம்; சக்கர நாற்காலியில் கடலருகே செல்வதற்காக அங்கே 2022இல் மரப்பாதை அமைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றிய சக்ஷன் மெஷினும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்த தாளும் கைப்பையில் இருக்கட்டும். அந்தப் பையைக் கணவர் சுமக்கட்டும்.

மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவருடைய அம்மாவிடமும் தங்கையிடமும் அவரே பேச வேண்டும். ஊட்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே பேச வேண்டும்.