வாசகர் கேள்வி: நூலாலையும் நீரோட்டமும்

கேள்வி: பழைய இங்கிலாந்து நூலாலைகள் ஆற்றங்கரைகளில் இருந்தனவாமே! எங்கள் கடற்கரையில் அப்படி ஒன்றும் எழவில்லையே, ஏன்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஆலை தேடியது ஆற்றை அன்று, நீர் விழும் வேகத்தை. ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளைகள் பஞ்சிழையை இழுத்து மெலிதாக்கும். கையால் சுழற்ற முடியாத பாரம் என்பதால் முதலில் குதிரைகளைப் பூட்டியவர், 1771-இல் டெர்வென்ட் ஆற்றை ஒட்டிய குரோம்ஃபோர்டுக்கு வந்தார். அங்கே ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த நீர் வெதுவெதுப்பாக இருந்ததால் குளிர்காலத்திலும் உறையாமல் சக்கரத்தைச் சுழற்றியது. சிற்றூராகையால் ஆள் கிடைக்காமல், தொழிலாளர்களுக்கு வீடும் அவரே கட்டித் தர நேர்ந்தது.

ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றக் கற்ற பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 1785-இல் இங்கிலாந்தின் பேப்பிள்விக் என்ற சிற்றூரில் நீராவியால் நூற்பு தொடங்கியது. நிலக்கரியும் ஆட்களும் மலிந்திருந்த மான்செஸ்டரில் ஆலைகள் குவிந்தன.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் வீழ்ச்சியை நம்பிப் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் ஆலை வைத்தார்கள். வைகையோ சமவெளியில் தளர்ந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது. அந்த மடை நீர் வயலை நனைக்கும், சக்கரத்தை உருட்டாது. கடல் நீர் கொதிகலனுக்கும் ஆகாது. உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபோதும் பலன் கண்டது கோயம்புத்தூர்தான்.