எமிக்கு மிதிவெடி வைத்தவன் நான்தான்

கேள்வி: ரசிகர்கள் ஒரு விஷுவல் நாவலை (படமும் வசனமுமாக வாசித்துக்கொண்டே போய், இடையிடையே தெரிவு செய்து விளையாடும் கதை விளையாட்டு) ரீமேக் செய்யும்போது மூலத்திலுள்ள பாத்திரங்களை மாற்றலாமா? அது மூலத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் எதையோ செய்துகொண்டிருக்கிறீர்கள், யாரோ ஒருவர் வந்து "என் கதாநாயகியைக் கெடுத்துவிட்டாய்" என்று சண்டை பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் அந்தச் சண்டையை இரண்டு பக்கமும் நின்று பிடித்தவன். மாற்றலாம். ஆனால் நான் மாற்றிய ஒரு மாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொக்குவிலில் நாங்கள் மூன்று பேர். நான், படம் கீறும் மச்சான், அவனுடைய தங்கச்சி, எனக்கு மச்சாள், வசனம் எழுதுவாள். 2019 இல் 'கதாவா ஷோஜோ' என்ற விஷுவல் நாவலை யாழ்ப்பாணத்தில் நடப்பதாக மாற்றிச் செய்யத் தொடங்கினோம். தெரியாதவர்களுக்காக: 2012 ஜனவரி 4 ஆம் திகதி இலவசமாக வெளியானது. இதய நோய் வந்த ஹிசாவோ என்ற பையன், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் யமாக்கு என்ற பள்ளிக்குப் போகிறான். அங்கே ஐந்து பெண்கள், ஐந்து கதைவழிகள், நாம் எடுக்கிற தெரிவைப் பொறுத்துக் கதை ஒருத்தியின் பக்கம் போகும். எமிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை, ரின்னுக்குக் கைகள் இல்லை, லில்லிக்குக் கண் தெரியாது, ஷிசுனேக்குக் காது கேட்காது, ஹனாக்கோவுக்கு உடம்பில் தீக்காயத் தழும்பு. வயதுவந்தோருக்கான காட்சிகள் மூலத்தில் உண்டு, அவற்றை முதல் நாளே தூக்கி எறிந்துவிட்டோம், அதைப் பற்றி யாரும் பின்னூட்டத்தில் தொடங்க வேண்டாம்.

துரோகம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. இந்த மூலமே ஒரு ரசிகர் வேலைதான். ராய்ட்டா என்ற ஜப்பானிய ஓவியர் 2000 ஆம் ஆண்டளவில் தன் புத்தகமொன்றின் கடைசியில் சும்மா போட்ட ஒரு பக்கக் கோட்டுப்படம், அவ்வளவுதான் விதை. அதைப் பார்த்து உலகத்தின் பல மூலைகளிலிருந்து இணையத்தில் கூடியவர்கள் ஐந்து வருடம் போல உட்கார்ந்து ஜப்பானில் நடக்கும் கதையாக எழுதினார்கள். அவர்கள் ஒரு பக்கப் படத்துக்கு உயிர் கொடுத்தால் கலை, நாங்கள் கொக்குவிலில் இருந்து அதையே செய்தால் துரோகமா? மூலத்தை எழுதியவர்களே மாற்றுவதும் உண்டு. 2000 டிசம்பரில் வந்த 'சுக்கிஹிமே'யை அதே குழு 2021 இல் திரும்பச் செய்தபோது ஊரையே மாற்றி, புதிய ஆட்களையும் உள்ளே விட்டார்கள். சரி, வழக்காட வரவில்லை.

சில மாற்றங்கள் தாமாகவே வந்து விழுந்தன. மூலத்தின் முதல் காட்சியில் பனி கொட்டுகிறது, ஒரு பெண் காதலைச் சொல்கிறாள், ஹிசாவோவின் இதயம் பிசகுகிறது. எங்களுக்கு ஏது பனி? மார்கழியில் திருவெம்பாவை முடிந்து வருகிற விடியற்காலை ஒழுங்கையில் வைத்தோம், மழை ஈரம், வேலியோரம் சைக்கிள். சரியாக உட்கார்ந்தது.

லில்லியில் கை வைக்க எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. பெயரையும் மாற்றவில்லை, இங்கே எந்தத் தேவாலயத்திலும் பெயர் கூப்பிட்டால் நாலு லில்லி திரும்பிப் பார்ப்பார்கள். மூலத்தில் அவளுடைய அப்பா அம்மா ஸ்கொட்லாந்துக்குப் போய்விடுவார்கள், அவளும் அக்காவும் மட்டும் ஜப்பானில், ஒருநாள் "நீயும் வா" என்று அழைப்பு வரும். அடப்பாவிகளே, இது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நடக்கும் கதை! ஸ்கொட்லாந்தை வெட்டிக் கனடா என்று எழுதினோம், முடிந்தது. கடைசியில் ஹிசாவோ விமான நிலையத்துக்கு ஓடுவதுதான் பிரச்சினை. பலாலிக்கு ஓட்டோ பிடித்துப் போகலாம், ஆனால் அங்கிருந்து கனடாவுக்குப் பறக்க முடியாதே. ஆகவே அவன் கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸைத் துரத்துகிறான். பஸ் போய்விடுகிறது. கட்டுநாயக்கா வரை இதய நோயாளியை ஓடவிட முடியுமா?

ரின் மச்சாளுடையவள். மூலத்தில் ரின் காலால் படம் வரைவாள், அங்கே அது ஒரு திறமை, அவ்வளவுதான். இங்கே கொப்பியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஊர். இதை நானும் மச்சானும் கவனிக்கவே இல்லை. மச்சாள் ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்தாள். பள்ளியில் வாணி விழா, ரின் மேடைக்காகச் சரஸ்வதி படத்தை மண்டபத் தரையில் வைத்துக் காலால் கீறிக்கொண்டிருக்கிறாள். சேர் வந்து "கால் படுது பிள்ளை, தொட்டுக் கும்பிடு" என்கிறார். அவள் தூரிகையை எடுக்காமலே கேட்கிறாள், "தொட்டுக் கும்பிட எனக்குக் கை எங்க சேர்?" அதுக்குப் பிறகு ஏழு திரைக்கு வசனமே இல்லை, சேர் நிற்கிறார், அவள் வீணைக்கு நிறம் போடுகிறாள். மூலத்தில் இல்லாத காட்சிதான், ஆனால் மூல ரின் இங்கே பிறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எவரோடும் பந்தயம் கட்டுவேன்.

ஷிசுனேயின் பெயர் மாறியதற்குப் பின்னால் பெரிய கலை நோக்கம் எதுவும் இல்லை, ஒரு வழு. நாங்கள் பாவித்தது ரென்பை, விஷுவல் நாவல் செய்கிற மென்பொருள், அதன் பழைய பதிப்பு, அதில் தமிழ் யுனிகோட் போட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கை" என்றால் க முதலிலும் கொம்பு பிறகும். நான் கொமினிகேஷன் கடையில் டைப் செற்றிங் செய்கிறவன், உடனே பாமினிக்குப் போய்விட்டேன், யுனிகோட்டுக்கு முந்தின பழைய தமிழ் எழுத்துரு அது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், கண்ணில் தெரிகிற வரிசையிலேயே, ஆகவே ரென்பைக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, ஒழுங்காகக் காட்டியது. ஷிசுனேக்கு நாங்கள் வைத்த பெயர் ஜீவிதா. பாமினியில் ஜ இருப்பது சதுர அடைப்புக்குறியைத் திறக்கும் விசையில். ரென்பைக்கு அந்தக் குறியைக் கண்டால் உள்ளே ஏதோ மாறியின் (variable) பெயர் வருகிறது என்று நினைப்பு. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்திலும் விளையாட்டு செத்து விழுந்தது! கடைசியில் சிந்து என்று மாற்றினோம். குறியை இரண்டு தடவை அடித்தால் தீர்ந்திருக்கும் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதற்குள் எல்லாருக்கும் அவள் சிந்து ஆகிவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு நெஞ்சு ஆறாது. 2022 இல் மடிக்கணினி எழும்பவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய காலம், கடை திறக்கிற நேரம் கரண்ட் இல்லை, கரண்ட் வருகிற நேரம் கடை பூட்டு. பத்து நாளாக நடந்து போனேன், சைக்கிளுக்கு ரியூப் விலை கேட்டு மயங்கியிருந்த காலம் அது. பதினோராம் நாள் அவர் சிரித்துக்கொண்டு, "புது விண்டோஸ் போட்டிருக்கு தம்பி" என்றார். போர்மட்! கேட்காமல், ஒரு சொல் கேட்காமல். ஹனாக்கோவின் முகபாவங்கள் இருபத்தாறும் போய்விட்டன, மச்சான் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அதற்குக் காசு வேறு வாங்கினார், ரசீதும் தரவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

எமிக்கு வருகிறேன்.

மூலத்தில் எமியின் கால்கள் கார் விபத்தில் போகின்றன, அதே விபத்தில் அவளுடைய அப்பாவும் இறந்துபோகிறார். நான் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன், யாழ்ப்பாணத்தில் இரண்டு கால் இல்லாத பெண் என்றால் அது மிதிவெடிதான், விபத்து என்று எழுதினால் ஊரைத் தெரியாதவன் எழுதியது மாதிரி இருக்கும் என்று. மச்சாள் அவ்வளவு சம்மதப்படவில்லை. நான் ஒரு வருடம் வாதாடினேன். கதையை 2012 இல் வைத்தோம், எமியை வன்னியிலிருந்து வந்தவள் ஆக்கினேன், அப்பாவும் அவளும் விறகுக்குப் போனார்கள் என்று எழுதினேன். இசை நிற்கும், திரை கறுக்கும். வாசித்துக் காட்டினால் அழுவார்கள். எனக்குப் பெருமை, பொய் சொல்லமாட்டேன். மூலத்தைவிட நம்முடையது ஆழம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் வன்னியில் இருந்தவன் இல்லை. 2009 இல் எனக்குப் பன்னிரண்டு வயது, கொக்குவிலில் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

விளையாடிப் பார்த்துச் சொல்லச் சிலரிடம் கொடுத்தோம். மச்சாளுக்குச் சட்டை தைக்கிற ஒரு அக்கா, வலது கால் ஜெய்ப்பூர் கால், செயற்கைக் கால். அவரிடம் கொடுக்க எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது, அவர் அழுதால் அதுதான் எனக்குப் பரிசு என்று. எவ்வளவு கேவலமான ஆசை என்று இப்போது தெரிகிறது. இரண்டு பின்னேரம் தையல் மெசினுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து விளையாடினார். எமியின் வழி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னத்துக்குத் தம்பி எல்லாரையும் மிதிவெடியில ஏத்துறியள்?"

நான் ஏதோ சொன்னேன், யதார்த்தம் அது இது என்று.

"எனக்குப் பஸ்," என்றார். "சண்டை முடிஞ்சு ரெண்டு வருசத்தால, ஏ ஒன்பது ரோட்டில. ரைவர் நித்திரை. எல்லாரும் ஷெல்லோ மிதிவெடியோ எண்டுதான் கேப்பினம். பஸ் எண்டு சொன்னால் சிலபேருக்கு முகம் விழுந்து போகும். படம் எடுக்க வந்தவை ஒருக்கா கமராவை மூடிக்கொண்டு போட்டினம், நான் தேத்தண்ணி வேற போட்டுக் குடுத்திட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கமராக்காரர்களும் நானும் ஒரே ஆட்கள். அவர்கள் காலைப் பார்த்துக் கதையைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்தார்கள், நானும் அதைத்தானே செய்தேன். உலகத்தின் ஏதோ மூலையில் இருந்தவர்கள் எமிக்கு ஒரு சாதாரண விபத்தை வைத்துவிட்டு, அவள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாள், யாரையும் கிட்ட விடாமல் ஏன் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள் என்று முழுக் கதைவழியையும் அதிலே செலவழித்திருக்கிறார்கள். நான் மிதிவெடியை வைத்ததும் அவளைப் பற்றி எழுத வேண்டிய எல்லாவற்றையும் மிதிவெடியே எழுதிவிட்டது. காட்சிகளை எண்ணிப் பார்த்தேன், மூல எமி கோபப்படுகிற, பொய் சொல்கிற, அடம்பிடிக்கிற இடங்களில் பாதியை நான் வெட்டியிருந்தேன். பாதிக்கப்பட்டவள் அடம்பிடித்தால் நன்றாக இராது என்று நினைத்திருக்கிறேன் போல.

யாராவது இப்போது "அப்போ போரை மறைக்கப் பார்க்கிறாயா?" என்று வருவீர்கள். இல்லை. மிதிவெடியில் கால் இழந்தவர்கள் இல்லை என்றோ அவர்களைப் பற்றி எழுதக்கூடாது என்றோ நான் எங்கேயும் சொல்லவில்லை. ஹனாக்கோவின் வீடு எரிவதை, மின்சாரம் இல்லாத வீட்டில் ஜாம் போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு சரிந்ததாக வைத்திருக்கிறோம், அந்த விளக்கு ஏன் அந்த வீட்டில் எரிந்தது என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது போர்தான். எமிக்கு நான் செய்தது வேறு.

திரும்ப எழுதினோம். பஸ் விபத்து, அப்பா பக்கத்து இருக்கை. ஓட்டத்தையும் மாற்றவேண்டி வந்தது, மூலத்தில் அவள் ஓடுவதற்கென்றே செய்த வளைந்த தகட்டுக்கால் போட்டு ஓடுவாள், அக்கா அதைப் பார்த்து "உதை எங்க வாங்கிறது?" என்றார். ஜெய்ப்பூர் காலோடு சைக்கிள் மிதிக்கலாம், சம்மாணம் கட்டி உட்காரலாம், வெறுங்காலாகக் கோவிலுக்குள்ளும் போகலாம், பார்வைக்குக் காலைப் போலவே இருக்கும். ஆகவே எங்கள் எமி சைக்கிள்காரி. வெயிலில் செயற்கைக் காலின் குழிக்குள் வியர்த்துத் தோல் உரிவது, காலுறையை மாற்ற இடம் தேடுவது, நல்லூர்த் திருவிழா மணலில் நடக்கப் படும் பாடு, எல்லாம் அக்கா சொன்னவை. அழுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எமி என்னைவிட மோசமானவள் என்று மச்சாளின் சிநேகிதி ஒருத்தி திட்டினாள், அன்றைக்குத்தான் சரியாக வந்திருக்கிறது என்று நம்பினேன்.

லிங்க் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். மூலத்தின் உரிமத்தில் வழிவந்த ஆக்கங்களுக்கு அனுமதி இல்லை, விளையாட்டு எங்கள் ஏழெட்டுப் பேரின் பென்ரைவில் மட்டும்தான் இருக்கிறது, இருக்கும். இன்னும் முடியவும் இல்லை. அக்கா கடைசியாகச் சொன்ன திருத்தம் அப்படியே கிடக்கிறது, காலைப் பற்றியது இல்லை. பள்ளிச் சட்டையின் மடிப்பெல்லாம் தலைகீழாகக் கீறப்பட்டிருக்கிறதாம், அப்படி ஒரு சட்டையை எந்தத் தையல்காரியும் தைக்கமாட்டாளாம். ஐந்து பெண்கள், நூற்றுக்கு மேல் படங்கள். மச்சான் இன்னும் தொடங்கவில்லை.