டிரங்குப் பெட்டிக் கண்ணாடியும் மூவாயிரம் ரூபாய் 'பதிவும்'

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. மாமியார் போன பிறகு பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வைக்கோலுக்குள் வெளிர்பச்சையில் ஆறு தட்டு, ஆறு பாயசக் கிண்ணம், வெள்ளைக் கண்ணாடியில் பெரிய பழக்கிண்ணம் ஒன்று. பழக்கிண்ணத்தின் அடியில் 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா' என்று ஆங்கிலத்தில் புடைப்பாக இருக்கிறது. மாமனாரின் அப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். பார்க்க வந்த தரகர், "150 வருஷத்துப் பெல்ஜியம் கண்ணாடி. அரசாங்கத்தில் பதியாமல் வைத்திருந்தால் கேஸ் ஆகும். மூவாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்கிறார். ஏதோ டார்ச் அடித்தார், தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. "யுரேனியம், லட்சக்கணக்கில் போகும்" என்றும் சொல்கிறார். துபாயில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப ஆசை. பயமாகவும் இருக்கிறது.

பதில்: அந்த மூவாயிரத்தை முதலில் பீரோவிலேயே வையுங்கள். உங்கள் பயத்துக்கு மருந்து பழக்கிண்ணத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறது.

செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்ததே 1918 அக்டோபரில். 1992 முடிவோடு அது இரண்டாகப் பிரிந்தும் போயிற்று. இல்லாத நாட்டின் பெயரை 150 வருஷத்துக்கு முன்னால் யாரும் அச்சில் வெட்டியிருக்க முடியாது. 'பெல்ஜியம்' என்பதும் அதே கதைதான். நம் பக்கத்தில் பழைய கண்ணாடி எதைப் பார்த்தாலும், நிலைக்கண்ணாடியோ சர்பத் கிளாஸோ, வாய் தானாகப் பெல்ஜியம் என்கிறது. கண்ணாடியின் அடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒருவர் பெல்ஜியம் என்று சொன்னால், அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது அச்சுக் கண்ணாடி. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து ஒரு குழவியை இறக்கி அழுத்துவார்கள். 1820களில் அமெரிக்காவில் பெருகிய முறை இது. கையால் பட்டை தீட்டிய கண்ணாடியை வாங்க முடியாதவர்களும் அந்த அழகை மேசையில் வைக்கலாம் என்று வந்தது. வெளிப்பக்கம் விரல் நகத்தை ஓட்டுங்கள். அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு தட்டும். உள்பக்கம் வழவழவென்று இருக்கும். பூ வேலையின் முனைகள் மழுங்கலாக இருக்கும். பட்டை தீட்டியது என்றால் முனை கையைக் கீறும், அச்சுக்கோடும் இருக்காது. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்தச் சாமான் மன்னார்குடிக்கு எப்படி வந்தது என்பதில் மர்மம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போய்க்கொண்டிருந்த காலம். 1926இல் ஓட ஆரம்பித்த ரஜுலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை அந்த வழியில் ஓடியது. நாகூர், காரைக்காலிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகளும் மன்னார்குடிக் கடைக்காரர்களும் திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு செட் கண்ணாடி இருக்கும். இதெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையும், புனே அருகே தலேகாவில் இருந்த பைசா ஃபண்டு தொழிற்சாலையும் தங்கள் பெயரையே அச்சில் வெட்டி அழகான கிளாஸ்கள் போட்டன. தரகர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் சுளித்து, 'லோக்கல்' என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். சேகரிப்பவர்கள் இன்று அதையும்தான் தேடுகிறார்கள்.

பதிவுக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தின்படி தனியார் கட்டாயம் பதிய வேண்டியவை, நூறு வருஷத்தைத் தாண்டிய சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியத்தோடு கூடிய சுவடிகள் போன்றவை. அந்தப் பட்டியலில் பாயசக் கிண்ணம் இல்லை. கேஸும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே 150 வருஷத்துத் தொல்பொருளாக இருந்தால், அதை வாங்கி விற்க உரிமம் வேண்டியது அந்தத் தரகருக்குத்தான். அடுத்த முறை வந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டம் உங்களைத் தொடுகிற ஒரே இடம் துபாய். நூறு வருஷமான தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. இங்கே நிதானமாகக் கவனியுங்கள். முத்திரை 1918க்குப் பிறகு என்று மட்டும்தான் சொல்கிறது. நூறு வருஷம் ஆகவில்லை என்று சொல்லவில்லை. 1921இல் செய்தது என்றால் இப்போது நூறைத் தாண்டிவிட்டது. 1935 என்றால் தாண்டவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். தட்டிலும் சிறு கிண்ணத்திலும் முத்திரையே இல்லை. மாமனாரின் அப்பா எந்த வருஷம் பினாங்கு போனார், பெட்டியில் பழைய ரசீது, கல்யாணப் போட்டோவில் அந்தக் கிண்ணம், எதுவாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அதைக் காட்டி, 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை மத்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் வாக்குவாதம் இருக்காது. ஆறு தட்டுக்காக நீங்கள் படமெடுத்து, விண்ணப்பம் எழுதி, நிபுணர் குழுவின் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலை மட்டும் ஒரு தடையும் இல்லாமல் ஆஸ்திரேலியா வரை போய், 2014இல்தான் திரும்பி வந்தது. என்ன சொல்ல! ஆனாலும் வாங்கிவிடுங்கள்.

டார்ச் வித்தைக்கு வருவோம். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பச்சை, மஞ்சள் நிறம் வருவதற்காகக் கண்ணாடியில் கொஞ்சம் யுரேனியம் சேர்ப்பது 1830களிலிருந்தே பொஹீமியாவில் (பின்னால் செக்கோஸ்லோவாக்கியாவில் சேர்ந்த பகுதி) வழக்கம். உங்கள் தட்டு அதுவாக இருக்கலாம். சேகரிப்பவர்களுக்குப் பிடித்த சாமான்தான், ஆனால் லட்சம் எல்லாம் இல்லை. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் 'ரைஸ் புல்லிங்' பாத்திரம் என்று ஊர் ஊராக ஏமாற்றுக் கும்பல் சுற்றிய மாவட்டங்கள் நம்முடையவை. 'யுரேனியம் பார்ட்டி பம்பாயிலிருந்து வருகிறார், சோதனைச் செலவுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். கதிர்வீச்சுக்கும் பயப்பட வேண்டாம், அலமாரியில் வைக்கலாம். அதில் ஊறுகாய், எலுமிச்சைச் சாதம் மாதிரிப் புளிப்பை மட்டும் வைக்காதீர்கள்.

மீதியை விற்க நினைத்தாலும் 'மாதிரிக்கு ஒன்று எடுத்துப்போகிறேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஆறில் ஒன்று போனால் செட் போச்சு, அப்புறம் அதே ஆள் 'ஐந்துதானே இருக்கிறது' என்று விலையைக் குறைப்பார். என் வீட்டிலேயே நடந்தது.

நீங்களே வாங்க ஆரம்பித்தால் (ஆரம்பிப்பீர்கள், இந்த ஆசை ஒட்டிக்கொள்ளும்) எண்ணெய்ப் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்த கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். மேலே படிந்த சுண்ணாம்பு என்றால் வினிகரில் ஊறவைத்தால் போகும். கண்ணாடியே அரித்திருந்தால் எதற்கும் போகாது. வியாபாரி அதன் மேல் எண்ணெய் தடவிவிடுவார், புதிது மாதிரி மின்னும். கடையிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். விளிம்பை விரலால் சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் தட்டையாகவோ கூராகவோ தட்டினால் உடைந்த வாயைத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

சாம்பலும் இரும்பு நாரும் ஆகாது. பாயசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், விரிசல் விடும். மகளுக்கு அனுப்பும்போது ஒவ்வொன்றையும் பழைய நூல் புடவைத் துண்டில் சுற்றி, தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கட்டுங்கள். படுக்க வைத்தால் மேல்பாரம் அத்தனையும் அடித்தட்டின் தலையில்தான்.